சீஷத்துவக் குழுத் தலைவர்களை யார் தெரிந்தெடுப்பது, எங்கே பயிற்றுவிப்பது: சேகரங்களுக்கான ஓர் ஒப்பீடு

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம் ஒன்றை, அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சில சபைகளின் தொகுப்பை, எடுத்துக்கொள்வோம். ஞாயிறு ஆராதனைக்கு ஆலயம் நிறைகிறது. அசனப் பண்டிகைக்கும் பிரதிஷ்டை நாளுக்கும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் வந்து சேர்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பு ஆண்டுதோறும் தவறாமல் நடக்கிறது. ஆனால் திடப்படுத்தல் பெற்ற பிள்ளை அதற்குப் பிறகு வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தனக்குப் புரியாததை ஒருவரிடம் கேட்டு, தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதற்குச் சேகரத்தில் ஓர் இடம் இல்லை. இதை உணர்ந்து, பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஒரு சீஷத்துவக் குழு என்று தொடங்கலாம் எனச் சேகரக் கமிட்டி தீர்மானிக்கிறது. ஆயர் ஒருவர், கிளைச் சபைகளோ நான்கைந்து. ஆகவே குழுக்களை நடத்துகிறவர்கள் குருப்பட்டம் பெறாத சபையாரிலிருந்துதான் வரவேண்டும்.

இந்தத் தீர்மானத்துக்குள் இரண்டு தேர்வுகள் அடங்கியிருக்கின்றன. தலைவர்களை யார் தெரிந்தெடுப்பது என்பது ஒன்று. அவர்களை எங்கே, எப்படிப் பயிற்றுவிப்பது என்பது மற்றொன்று. கமிட்டிக் கூட்டங்களில் முதல் கேள்விக்கு ஒன்றரை மணி நேரமும், இரண்டாவதற்கு முடிவு ஜெபத்துக்கு முந்தைய ஐந்து நிமிடமும் கிடைப்பதே வழக்கம். இரண்டையும் தனித்தனிக் காரியங்களாகப் பிரித்துப் பேசுவதில்தான் கோளாறு தொடங்குகிறது என்பது என் கருத்து. பயிற்சி எப்படி நடக்கப்போகிறது என்பது தெளிவானால், யாரைத் தெரிந்தெடுப்பது என்ற கேள்வியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

வழிகளை எடைபோட ஓர் அளவுகோலை மட்டும் கையாள்கிறேன். இப்போதைய ஆயர் மாற்றலாகிப் போய் இரண்டு ஆண்டுகள் கழிந்த பின், அந்த வழியில் உருவான தலைவர்களில் எத்தனை பேர் இன்னும் குழு நடத்திக்கொண்டிருப்பார்கள்? நம் திருமண்டலங்களில் (ஒரு பேராயரின் கீழுள்ள சேகரங்களின் தொகுதிகளில்) ஆயர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுவது இயல்பான நடைமுறை. அதைக் குறையென்று சொல்வதற்கில்லை. ஆனால் ஆயரையே முழுத் தூணாகக் கொண்டு எழுப்பப்படும் எந்த ஏற்பாடும் அடுத்த மாற்றல் ஆணையோடு சாய்ந்துவிடும் என்பதை முதலிலேயே கணக்கில் கொள்ளவேண்டும்.

தெரிந்தெடுப்பதற்கு நான்கு வழிகள்

முதல் வழி, ஆயரே நேரடியாக நியமிப்பது. இதற்கு வேத ஆதாரம் தேடவேண்டியதில்லை. பவுலும் பர்னபாவும் லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் அந்தியோகியாவிலும் சபைகள்தோறும் மூப்பர்களை ஏற்படுத்தினதாக அப்போஸ்தலர் 14-ஆம் அதிகாரம் சொல்கிறது. வேகமான வழி இதுவே. நல்ல ஆயருக்குத் தம் சபையாரில் யார் வீட்டில் சமாதானம் இருக்கிறது, யார் நாவை அடக்கத் தெரிந்தவர், யார் கடன் வாங்கித் திருப்பித் தராதவர் என்பதெல்லாம் தெரியும். வெளியே சொல்ல முடியாத காரணங்களுக்காக ஒருவரை அமைதியாகத் தவிர்க்கவும் அவரால் முடியும். ஓட்டெடுப்பில் இது நடவாது.

ஆனால் ஆயருக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் குருமனை வாசலுக்கு வந்து போகிறவர்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வங்கியில் இருந்தவர், கணக்கு எழுத உதவுகிறவர், பேச்சில் தேர்ந்தவர் என்று அந்தப் பட்டியல் ஒரே சாயலில் அமைந்துவிடும். காலை ஆறு மணிக்கே கொத்து வேலைக்குப் புறப்பட்டுவிடும் மனிதரும், பகலெல்லாம் பீடி சுற்றிவிட்டு மாலையில் பக்கத்து வீட்டு நோயாளிக்கு ஜெபம் பண்ணப் போகும் அம்மாவும் அதில் இடம்பெற மாட்டார்கள். அதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. ஆயர் மாறியதும் அவர் நியமித்தவர்கள் ‘பழைய ஐயரோட ஆளுங்க’ ஆகிவிடுகிறார்கள். புதிய ஆயர் அப்படி நினைக்காவிட்டாலும் தெரு அப்படித்தான் நினைக்கும். என் அளவுகோலில் இந்த வழி தோற்பது இங்கேதான்.

இரண்டாவது வழி, சபையாரே ஓட்டுப்போட்டுத் தெரிந்தெடுப்பது. இதற்கு அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். நற்சாட்சி பெற்றவர்களாகிய ஏழுபேரைத் ‘தெரிந்துகொள்ளுங்கள்’ என்று அப்போஸ்தலர் சபையிடமே பொறுப்பை ஒப்படைத்தார்கள் என்பது மெய்தான். அங்கே நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். கிரேக்கருடைய விதவைகள் அன்றாட விசாரணையில் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பே தொடக்கம். தெரிந்துகொள்ளப்பட்ட ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்னும் ஏழு பேரும் கிரேக்கப் பெயர் கொண்டவர்கள். அதாவது பெரும்பான்மையினர் தங்கள் ஆட்களை நிறுத்தி ஜெயிக்கவில்லை. குறை சொன்ன தரப்பிலிருந்தே ஆட்களைத் தெரிந்து அவர்கள் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள். நம் சேகரங்களில் தேர்தல் என்றதும் மனத்தில் எழும் காட்சி இதற்கு நேர்மாறானது. அணி அமைகிறது, குடும்பங்களின் ஓட்டு எண்ணப்படுகிறது, எந்தத் தெருவுக்கு எத்தனை என்ற கணக்கு நடக்கிறது, அந்தத் தெருக்கணக்குக்குள் சாதிக்கணக்கு பேசப்படாமலே உட்கார்ந்திருக்கிறது.

தேர்தலே வேண்டாம் என்பதல்ல என் வாதம். பணத்தையும் சொத்தையும் கையாளுகிறவர்கள் சபைக்குக் கணக்குக் கொடுக்கவேண்டியவர்கள். அவர்களை ஓட்டுப்போட்டுத் தெரிந்தெடுப்பதும் குறித்த காலத்துக்குப் பின் இறக்கிவிடுவதும் தேவையான பாதுகாப்பு. ஆனால் ஒரு வாலிபன் தன் குடிப்பழக்கத்தைப் பற்றி நம்பிப் பேசவேண்டிய மனிதர், போன மாதம் அவன் தகப்பனுக்கு எதிரணியில் நின்று ஜெயித்தவராக இருந்தால் அந்தக் குழுவில் அவன் வாய் திறக்கமாட்டான். சீஷத்துவத் தலைமைக்குத் தேர்தலைப் பயன்படுத்துகிற சேகரம் இரண்டாவது கமிட்டி ஒன்றைத்தான் உண்டாக்கிக்கொள்கிறது.

மூன்றாவது, ஆராதனை முடிவில் அறிவித்து விருப்பமுள்ளவர்களைப் பெயர் கொடுக்கச் சொல்வது. இதில் அதிகம் சொல்வதற்கில்லை. உற்சாகமுள்ளவர்கள் வருவார்கள், நேரமுள்ளவர்கள் வருவார்கள், போன கன்வென்ஷன் கூட்டத்தில் தொடப்பட்டவர்கள் வருவார்கள். பிரதான தகுதியான பொறுமை இவர்களில் யாருக்கு உண்டு என்பது ஆறு மாதம் கழித்தே தெரியவரும். ‘நூதன சீஷனாயிருக்கக்கூடாது’ என்று 1 தீமோத்தேயு 3-இல் வரும் எச்சரிப்பு இவ்வழிக்கு முழுமையாகப் பொருந்தும். நம் ஊர்களில் உண்மையில் தகுதியானவர்கள் தாங்களாகக் கையைத் தூக்கவே மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

நான்காவது வழியில் தலைவர் என்று ஒருவரை முதலில் தெரிந்தெடுப்பதே இல்லை. நடந்துகொண்டிருக்கும் குழுவில் அதன் தலைவர் தம்மோடு ஒருவரைத் துணையாகச் சேர்த்துக்கொள்கிறார். அந்தத் துணையாள் ஓராண்டு அருகிருந்து பார்த்து, சிறு பொறுப்புகளைச் செய்து, பிறகு தனிக் குழுவை ஏற்கிறார். ‘தம்மோடுகூட இருக்கவும்’, பின்பு அனுப்பவும் பன்னிரண்டு பேரை இயேசு ஏற்படுத்தினார் என்று மாற்கு 3-இல் சொல்லப்படும் வரிசை இதுவே. கூட இருப்பது முதலில் வருகிறது, அனுப்பப்படுவது அடுத்ததாக. உதவிக்காரரைக் குறித்து ‘முன்னதாகச் சோதிக்கப்படவேண்டும்’ என்று பவுல் எழுதுகிறாரே, அந்தச் சோதனைக்கு நேரமும் இடமும் தருவது நான்கில் இந்த வழி ஒன்றுதான். ஆயர் நியமனத்திலும் ஓட்டெடுப்பிலும் ஒருவரைப் பற்றிய கருத்தே தெரிந்தெடுக்கப்படுகிறது. இங்கே அவர் செய்த வேலை தெரிந்தெடுக்கப்படுகிறது.

இதன் குறைகளையும் சொல்லவேண்டும். வேகம் இல்லை, இந்த ஆண்டு ஒரு குழு, அடுத்த ஆண்டு இரண்டு அல்லது மூன்று என்றே பெருகும். திருமண்டல ஆண்டறிக்கையில் எழுதுவதற்கு ஏற்ற எண்ணிக்கை சீக்கிரம் கிடைக்காது. மேலும் தலைவர் தமக்குத் துணையாகத் தம் மைத்துனரையோ தம் தெருக்காரரையோ மட்டுமே சேர்த்துக்கொண்டால், ஐந்தாண்டில் ஒரே வமிசத்தின் கையில் எல்லாக் குழுக்களும் போய்விடும். இதற்கான தடுப்பைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பழைய அனுபவம் சொல்வது

இந்த நான்காவது வழி இன்றைய புதுமை அன்று. இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தொடங்கிய மெத்தடிஸ்டு இயக்கத்தின் ‘வகுப்புகள்’ என்னும் சிறு குழுக்கள் பிறந்த கதையே ஒரு நல்ல பாடம். 1742 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரத்துக் கூடத்தைக் கட்டியதால் ஏற்பட்ட கடனை எப்படி அடைப்பது என்று பேச உட்கார்ந்தார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்று கேப்டன் ஃபாய் என்பவர் யோசனை சொன்னார். ஏழைகளால் முடியாதே என்று ஒருவர் மறுத்தபோது, மிகவும் ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாரந்தோறும் போய்ப் பார்க்கிறேன், அவர்கள் கொடுக்க முடியாததை நானே கொடுக்கிறேன் என்றார். அவ்வாறே மற்றவர்களும் ஆளுக்குப் பதினொரு பேரை ஏற்றுக்கொண்டார்கள். பென்னி வாங்கப் போனவர்கள் வீட்டுக்குள்ளே நடப்பதைக் கண்டார்கள். குடித்துக் கிடந்த கணவனையும் சண்டையிட்ட சகோதரர்களையும் கண்டு வந்து சொன்னார்கள். ஜான் வெஸ்லி இதைக் கேட்டதும், தாம் தேடிக்கொண்டிருந்த ஆத்தும விசாரணை ஏற்பாடு இதுதான் என்று கண்டுகொண்டார். கடனுக்காகப் பிறந்த அமைப்பு சபையாரைச் சீஷராக்கும் அமைப்பாயிற்று. கைத்தொழிலாளரும் பெண்களும் அதில் தலைவர்களாக இருந்தார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: வகுப்புத் தலைவர்களை நியமிக்கும் அதிகாரத்தை வெஸ்லி சபையாரிடம் விடவில்லை, தம்மிடமும் தம் பிரசங்கிகளிடமும் வைத்துக்கொண்டார். ஆனால் அந்தத் தலைவர்கள் ஒவ்வொரு வாரமும் ஊழியரைச் சந்தித்து யார் நோயாயிருக்கிறார், யார் ஒழுங்கற்று நடக்கிறார் என்று சொல்லவேண்டியிருந்தது. நியமனத்தைவிட அந்த வாராந்தரச் சந்திப்பே அமைப்பைத் தாங்கியது என்பது என் வாசிப்பு.

நம் மண்ணிலும் இதன் தடங்கள் உண்டு. தரங்கம்பாடியில் 1706-இல் ஜெர்மானிய மிஷனெரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் வந்திறங்கியதிலிருந்து மிஷனைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றவர்கள், குருப்பட்டம் பெறாமல் போதித்துச் சபைகளைக் கவனித்த உபதேசியார்களே. 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், அதற்கு முன் பல ஆண்டுகள் உபதேசியாராக உழைத்து அறியப்பட்டவர். பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் 1778-இல் மிஷனெரி சுவார்ட்சு ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, அங்கே சபையைக் கூட்டி, 1785-இல் ஆலயமும் கட்டினார். அச்சபையின் உபதேசியாராயிருந்த சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றது 1790-இல்தான். திருநெல்வேலிச் சபையின் முதல் ஆண்டுகளைத் தாங்கியவர் எந்தப் பட்டமும் இல்லாத ஒரு பெண் என்பதைச் சேகரக் கமிட்டிகள் நினைவில் வைத்துக்கொண்டால், பெண்களைத் தலைவர்களாக வைக்கலாமா என்ற விவாதத்தில் கொஞ்சம் நேரம் மிச்சமாகும்.

வெள்ளாளன்விளையில் பிறந்து 1912-இல் தோர்ணக்கல் பேராயரான வே. ச. அசரியா ஒரு படி மேலே போனார். தெலுங்கு நாட்டுக் கிராமங்களில் அவர் நம்பியிருந்தது பெரும்பாலும் அதிகப் படிப்பில்லாத கிராம ஆசிரியர்களை. அவர்களுடைய மனைவிமாரும் உடன் பயிற்சி பெறவேண்டும் என்பதில் உறுதியாயிருந்தார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் தலைமேல் கைவைத்து, ‘சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ’ என்று சொல்லும்படி அவர் செய்தது பலரும் அறிந்ததே. சாட்சி சொல்வது சம்பளம் வாங்கும் ஊழியரின் வேலை என்ற எண்ணம் சபையாருக்கு வந்துவிடாதபடி அவர் போட்ட வேலி அது. நம் சேகரங்களில் அந்த வேலி எப்போதோ விழுந்துவிட்டது. ‘அதுக்குத்தான் உபதேசியார் இருக்காரே’ என்பது நாம் அன்றாடம் கேட்கும் பேச்சு.

பயிற்சிக்கு உள்ள வழிகள்

திருமண்டல மையத்தில் ஒருநாள் அல்லது இரண்டுநாள் முகாம் நடத்துவது எளிதான வழி. பேச்சாளர் நன்றாகப் பேசுவார், மதிய உணவு சிறப்பாக இருக்கும், கோப்பும் சான்றிதழும் கிடைக்கும். பல சேகரத்தார் ஒருவரையொருவர் சந்திப்பதும் ஊக்கம் பெறுவதும் உண்மையான பயன்களே. பயிற்சி என்று மட்டும் இதைச் சொல்லக் கூடாது. கேட்டது ஒன்றையும் செய்து பார்க்காமல் திரும்பியவர், அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் தாம் கேட்ட பிரசங்கத்தையே முக்கால் மணி நேரம் திருப்பிச் சொல்வார்.

அடுத்தது, விரிவாக்க முறை இறையியல் கல்வி. இது 1963-இல் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி ஒன்றில் தொடங்கியது. கிராமங்களிலிருந்து தலைநகருக்குப் படிக்க அனுப்பப்பட்ட இளைஞர்கள் பலர் கிராம ஊழியத்துக்குத் திரும்பவில்லை. கிராமச் சபைகளை உண்மையில் நடத்திக்கொண்டிருந்த நடுவயதினரோ நிலத்தையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கல்லூரி விடுதிக்குப் போக முடியாதவர்கள். ஆகவே மாணவரைக் கல்லூரிக்குக் கொண்டுவருவதை விட்டு, கல்லூரியை மாணவரிடம் கொண்டுபோனார்கள்; வீட்டில் தானே படிக்கும் பாடம், பக்கத்து ஊர் மையத்தில் ஆசிரியரோடு கலந்துரையாடல் என்று அமைத்தார்கள். இந்தியாவில் இதே முறையில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட டாஃப்டீ (TAFTEE) என்னும் அமைப்பு 1971-இல் தொடங்கியது. மதுரை அரசரடியில் 1969-இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் இவ்வகைக் கல்வியைத் தமிழில் தருகிறது.

இதன் பலம் ஆழம். எபிரெயர் நிருபத்தையோ ஏசாயாவையோ முழுதும் படித்து முடித்த ஒருவர் சேகரத்தில் இருந்தால், தொலைக்காட்சிப் பிரசங்கங்களிலிருந்து வரும் வினோதமான போதனைகளுக்கு நின்று பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்று பொருள். ஆனால் இது வாசிக்கப் பழகியவர்களுக்கான வழி. சங்கீதங்கள் பலவற்றை மனப்பாடமாகச் சொல்லும் அம்மாவால் பாடப் புத்தகத்தின் கேள்விகளுக்கு எழுதிப் பதில் தர முடியாமல் போகலாம். மாணவரும் சில வேளை ஆசிரியர் தொனியைக் கற்றுக்கொண்டு வந்து குழுவைத் தேர்வு அறையாக மாற்றிவிடுவது உண்டு. எல்லாத் தலைவர்களுக்கும் இதைக் கட்டாயமாக்கினால் தலைவர் பட்டியல் மறுபடியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடமே வந்து நிற்கும். பத்துப் பேரில் இருவரை, சேகரமே கட்டணம் செலுத்தி, இதற்கு அனுப்பலாம்.

இணையவழிப் பயிற்சி 2020-க்குப் பின் எங்கும் பரவிவிட்டது. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்கும், குழந்தைகளை விட்டு வெளியே வர முடியாத தாய்மாருக்கும் அது உதவுகிறது. அதற்குமேல் அதில் எதிர்பார்க்கக் கூடாது. வாட்ஸ்ஆப் குழுவில் காலைதோறும் வந்து விழும் வசனப் படங்கள் யாரையும் தலைவராக்கியதில்லை.

எஞ்சியிருப்பது சேகரத்துக்குள்ளேயே நடக்கும் பயிற்சி. துணையாள் தலைவரோடு இருந்து கற்பதும், எல்லாத் தலைவர்களும் துணையாள்களும் மாதம் ஒருமுறை ஆயரோடு உட்காருவதும் சேர்ந்ததே இது. திருநெல்வேலியில் ஊழியம் செய்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்திலேயே உபதேசியார்களைப் பாளையங்கோட்டைக்கு வரவழைத்து, ஊர்க் காரியங்களைக் கேட்டு, பாடமும் சொல்லி அனுப்பும் வழக்கம் இருந்தது. வேலை ஊரிலும் பாடம் கூடுகையிலுமாக மாறிமாறி வருவதுதான் இதன் உயிர்.

துணையாள் எதைக் கற்றுக்கொள்கிறார் என்பதை ஒரு வெள்ளிக்கிழமை மாலையை வைத்துக் காட்டலாம். பாய் விரித்த முன்னறை. ஒரு கீர்த்தனை பாடி முடிந்திருக்கிறது. லூக்கா 15 வாசிக்கப்பட்டாயிற்று. துணையாளாகிய இளம்பெண் முதல்முறையாகக் கேள்வி கேட்கிறாள்: “மூத்த மகன் ஏன் வீட்டுக்குள்ள வரமாட்டேன்னு நின்னான்?” யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. அவள் குழுத் தலைவரைப் பார்க்கிறாள். அவருக்குப் பதில் தெரியும், நாக்கு நுனியில் இருக்கிறது, ஆனாலும் வேதத்தில் கண்ணைப் பதித்துக்கொண்டு சும்மா இருக்கிறார். கடைசியில் மூலையிலிருந்த பெரியவர், “எங்க தம்பிக்கு அப்பா நிலத்த எழுதிக் குடுத்தப்ப நானும் மூணு மாசம் வீட்டுப்பக்கம் போகல” என்கிறார். அதன் பிறகு அந்த அறையில் நடந்த பேச்சை எந்த முகாமும் கற்றுத் தந்திருக்க முடியாது. அந்த மௌனத்தைப் பதில் சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது என்பதைத் துணையாள் புத்தகத்தில் படித்து அறியவில்லை, தலைவர் அடங்கியிருந்ததைப் பார்த்து அறிந்துகொண்டாள்.

எதைச் சேர்த்து எடுப்பது

என் பரிந்துரை இதுதான். தெரிந்தெடுப்பதற்கு நான்காவது வழி. பயிற்சிக்குச் சேகரத்துக்குள்ளான வழி. ஆழத்துக்காகச் சிலருக்கு மட்டும் விரிவாக்கக் கல்வி. ஆண்டுக்கொரு முகாம் ஐக்கியத்துக்காக. நியமனத்துக்கும் சபையின் சம்மதத்துக்கும் இதில் இடம் உண்டு. குழுத் தலைவர் துணையாளை முன்மொழியட்டும், ஆயர் அவரோடு தனித்துப் பேசட்டும், கமிட்டி பெயர்களை ஏற்கவோ காரணம் சொல்லி மறுக்கவோ செய்யட்டும். ஆனால் கமிட்டி தானாகப் பெயர் கொடுக்கக் கூடாது. பிறகு ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன்பாக அவர்களை ஜெபித்து ஏற்படுத்தினால், அவர்கள் ஆயருடைய ஆட்கள் அல்லர், சபையின் ஆட்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதைப் புதுப்பிப்பது, விலக விரும்புகிறவர் மானத்தோடு விலகவும், விலக்கவேண்டியவரைச் சண்டையின்றி விலக்கவும் வழி திறக்கும்.

வமிசக் குத்தகையாக மாறாமலிருக்க, துணையாள் தலைவரின் உறவினராக இருக்கக் கூடாது என்றும், கூடிய மட்டும் வேறொரு தெருவைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும் என்றும் எழுதி வைத்துவிடலாம். இது எளிதல்ல என்பதை அறிவேன். தெருவாரியாகக் குழு பிரித்தால் அது சாதிவாரியாகப் பிரிந்த குழுவாகவே முடியும் ஊர்கள் நம் திருமண்டலங்களில் உண்டு. ஒருவர் வீட்டில் மற்றவர் உட்கார்ந்து காப்பி குடிப்பதே அங்கே சீஷத்துவத்தின் முதல் பாடமாக இருக்கும். அந்தப் பாடத்தைத் தவிர்த்துவிட்டு ரோமர் நிருபத்துக்குப் போவதில் பொருளில்லை.

குழுக்களில் காணிக்கை எடுக்கக் கூடாது. மெத்தடிஸ்டு வகுப்புகள் பென்னியில் தொடங்கின என்பதைச் சொல்லிவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆனால் நம் சேகரங்களில் பணப்பை நுழைந்த இடத்தில் கணக்குக் கேள்வி நுழையும், அதன் பின்னால் அணி நுழையும். மாதாந்தரக் கூடுகையில் குழுவில் ஒருவர் மனம் விட்டுச் சொன்னதைப் பெயர் சொல்லிப் பகிரக் கூடாது என்பதும், சிறுவர், வாலிபர் குழுக்களில் பெரியவர் ஒருவர் தனியே பிள்ளைகளோடு இருக்கக் கூடாது, எப்போதும் இருவர் இருக்கவேண்டும் என்பதும் விலக்கில்லாத விதிகள்.

இந்தப் பரிந்துரை எல்லாச் சபைக்கும் ஒத்துவராது. சென்னைப் புறநகரில், தகவல் தொழில்நுட்ப வேலைக்காரர்கள் நிறைந்து, ஆண்டுதோறும் கால்வாசிப் பேர் வீடு மாறிப்போகும் சபையில், ஓராண்டுத் துணைமை முடிவதற்குள் துணையாள் ஐதராபாத்துக்குப் போயிருப்பார். அங்கே விருப்பமுள்ளவர்களைத் திறந்த மனதோடு அழைத்து, ஆறு வாரம் ஒரு குழுவில் அமர்த்திப் பார்த்து, வாசிக்கப் பழகிய அவர்களை விரிவாக்கக் கல்வியில் சேர்ப்பதே தக்க வழி. ஒரே போதகர் இருபது, முப்பது ஆண்டுகள் நிலைத்திருக்கும் தனிச் சபைகளில் மாற்றல் என்ற இடர் இல்லை. அங்கே ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. தலைவர்கள் எல்லாரும் போதகரின் குரலையே எதிரொலிப்பார்கள். அவர்களுக்கு வெளிக் கல்லூரியின் பாடம் ஒரு கட்டாயத் தேவை.

இனி, குழுவே இல்லாத சேகரத்தில் துணையாளை யாரோடு சேர்ப்பது என்ற கேள்வி மீதமிருக்கிறது. அங்கே பத்துக் குழுக்களை ஒரே நாளில் தொடங்கி வைக்கும் ஆசையை விட்டு, முதல் ஆண்டு ஆயர் தாமே ஒரே ஒரு குழுவை நடத்தவேண்டும். எட்டுப் பேர் போதும். அதில் நான்கு பேராவது பெண்களாக இருக்கட்டும். கமிட்டியில் இருப்பவர் ஒருவருக்கு மேல் வேண்டாம். கிளைச் சபைகளிலிருந்து இருவர் கட்டாயம் இருக்கட்டும். வயதில் நாற்பதுக்குட்பட்டவர்கள் பாதிப்பேர் இருக்கட்டும். உபதேசியார் உறுதியாக அதில் இருக்கவேண்டும், ஏனெனில் ஆயர் இல்லாத வாரங்களில் குழு அவர் கையில்தான் இருக்கும். ஆறாம் மாதத்திலிருந்து ஆயர் வாரம் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்காரவேண்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முடிவு செய்யவேண்டியது இந்த எட்டுப் பேரின் பெயர்களையும், அந்த ஒரு மாலை நேரத்தில் ஆயருக்கு வேறு எந்தக் கூட்டமும் வைப்பதில்லை என்ற தீர்மானத்தையும் மட்டுமே.